முப்பத்தொரு கையெழுத்து

ஜன்னலோரம் ஒரு தாளைக் காயப் போட்டிருக்கிறேன். காற்றில் பறந்துவிடாமல் நாலு மூலையிலும் நாலு கரண்டி. அந்தப் பக்கமாக வந்த அம்மா, "என்னாடி இது, தாளுல வடகம் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்வதென்றால் உன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

நேற்று மழையில் நனைந்த தாள். முன்பக்கத்தில் இருப்பதை எழுத்து என்று சொல்ல முடியாது. சதுரங்கள், கேள்விக்குறிகள், கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள், இடையிடையே வெறும் கோடுகள். கீபோர்ட் மேல் கோழி நடந்துபோன மாதிரி. அடியில் வலது மூலையில் நீலப் பேனாவில் ஒரு கையெழுத்து: கா. பெரியசாமி. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் நீ எழுதித் தந்த நாலு வரி. மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் வாசிக்க முடிகிறது. அந்த நாலு வரியைத்தான் நாலு வருஷமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். நேற்றுத்தான் நீ இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது. வாய் வரவில்லை. இப்போது நீ இல்லை, கை வருகிறது. இதுதான் என் லட்சணம்.

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரிகள் காலையில் கூடி நிற்கும் தெருவுக்கு மேலே, இரண்டாம் மாடியில் நம் ஆபீஸ். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சின்ன நிறுவனம். பாலர் பாடசாலை டீச்சர் பயிற்சி, தையல், வயரிங், அப்படி. நான் பஜாரில் மளிகைக்கடைக்காரர் மகள். கொழும்பில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, 'வெப் மாஸ்டர்' என்று கார்ட் அடித்து, அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தவள். நீ எஹலியகொடப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற டைப்பிஸ்ட். உனக்குக் கார்ட் எல்லாம் இல்லை.

ஆனால் உன் விரல் ஓடுகிற வேகம் எனக்குக் கிடையாது. மூன்று மொழியும் பார்க்காமல் அடிப்பாய். சிங்களத்தில் அடிக்கும்போது பிழை வந்தால் சிங்களத்தில் திட்டிக்கொள்வாய், தமிழில் அடிக்கும்போது தமிழில். இங்கிலீஷில் பிழை வந்தால் மட்டும் சத்தமே வராது. கேட்டதற்கு, "அதுல திட்டறதுக்கு எனக்கு வார்த்தை பத்தாது புள்ள" என்றாய்.

பகல் சாப்பாட்டுக்கு நீ ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவருவாய். நான் அம்மா சுட்ட தோசை. பத்தரை மணிக்கே என் டப்பாவைத் திறந்து பார்த்துவிடுவாய். "என்னா இன்னிக்குச் சட்டினி சிவப்பே இல்ல? உங்கப்பா கடையில மொளகாத்தூளுக்குள்ள செங்கல்லு கலக்குறத நிப்பாட்டிட்டாரா?" என் அப்பாவைப் பற்றி இப்படிப் பேசுகிற துணிச்சல் இரத்தினபுரியில் வேறு யாருக்கும் இல்லை. நான் உன் முதுகில் ஒன்று போடுவேன். பிறகு தோசை உனக்கு, ரொட்டி எனக்கு. நாம் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உள்ளே வேறு ஒன்று இருந்தது, அது பிறகுதான் வெளியே வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் டிரெக்டர் சேருக்கு ஒரு யோசனை. விண்ணப்பப் படிவத்தைத் தபாலில் அனுப்பி, அது தோட்டத்து ஆபீஸில் கிடந்து, கடைசித் தேதி முடிந்த பிறகு லயத்துக்குப் போய்ச் சேர்வதை விட, வெப்சைட்டில் போட்டுவிட்டால் என்ன? பஜாருக்குப் பஜார் கம்யூனிகேஷன் கடை வந்துவிட்டது. போன் பேசப் போகிறவன் அப்படியே ஃபாரத்தையும் ப்ரின்ட் எடுத்துக்கொள்ளட்டும். நல்ல யோசனைதான்.

படிவத்தை நீ அடித்தாய். இரண்டே பக்கம், மூன்று மொழி. அதில் தமிழ் முதலில் வரவேண்டும் என்று சேரோடு சண்டையே போட்டாய். எனக்கு அந்தக் காட்சி நன்றாக ஞாபகம் இருக்கிறது. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் நின்றாய்.

"சேர், எங்க ஆளுங்க சிங்களத்தயும் இங்கிலீசயும் பாத்தா தாளத் திருப்பவே பயப்படுவாங்க. ஒடனே யார்கிட்டயாவது கொண்டுபோய்க் குடுத்துருவாங்க. எங்க லயத்துல ஒருத்தராவது யாருகிட்டயும் கேக்காம, தானே வாசிச்சு ஒரு ஃபாரத்த நெரப்பணும். அத நான் பாக்கணும்."

சேர் சரி என்றார். நீ அதைத் தமிழ் முதலாக அடித்து, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து மாறாதபடி பி.டி.எஃப் ஆக்கி, ஃப்ளொப்பியில் போட்டு என் கையில் தந்தாய். தரும்போது, "பத்திரம் டீ, ஒத்தப் புள்ள" என்றாய்.

அந்த ஒற்றைப் பிள்ளையை நான் என்ன செய்தேன் என்று கேள். நேராக வெப்சைட்டில் வைத்திருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. ஆனால் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று எண்ணிக் காட்ட எனக்கு ஆசை. சேருக்கு எண்கள் பிடிக்கும். அதனால் நடுவில் பத்து வரி புரோகிராம் எழுதி வைத்தேன். யாராவது படிவத்தை அழுத்தினால், என் புரோகிராம் முதலில் ஒன்று கூட்டிக்கொள்ளும், பிறகு படிவத்தை எடுத்து அனுப்பும். ஒவ்வொரு ஃபைலையும் அனுப்புவதற்கு முன்னால், 'இப்போது வருவது இன்ன வகை' என்று சர்வர் ஒரு வரி சொல்ல வேண்டும். கன்டென்ட் டைப் என்பது அதுதான். படம் என்றால் படம், படிவம் என்றால் படிவம். என் பத்து வரியில் அந்த ஒரு வரி இல்லை. நாம் சொல்லாவிட்டால் சர்வர் தன்பாட்டுக்கு 'இது சாதாரண வெப் பக்கம்' என்று சொல்லி அனுப்பிவிடும். வாங்குகிற கம்ப்யூட்டர் அதை நம்பி, படிவத்தின் உள்குடலை எல்லாம் எழுத்தென்று நினைத்துத் திரையில் கொட்டும்.

நான் சோதித்துப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. என் மேசையில் இருந்த பிரவுசரில் பார்த்தேன். அது சொன்ன சொல்லை நம்பாத பிரவுசர். வருவதைத் தானே மோந்து பார்த்து, 'ஓ, இது படிவம்' என்று அழகாகத் திறந்து காட்டிவிட்டது. எஹலியகொடக் கம்யூனிகேஷன் கடையில் வேறு பிரவுசர் போட்டிருந்தார்கள், சொன்னதை அப்படியே நம்புகிற ரகம். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தினமும் காலையில் சேரிடம் சொல்வேன். சேர் சிரிப்பார். நீ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்க பக்கத்து ஆளுங்களும் எடுத்திருப்பாங்கல்ல?" என்று கேட்பாய். எடுத்திருந்தார்கள். ஒரு தரம் இல்லை, மூன்று நாலு தரம். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தியதெல்லாம் என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசித் தேதியன்று பகல், பெரியசாமி அண்ணன் மாடியேறி வந்தார். உன் லயத்தில் கடைசிக் காம்பரா, கடைசி வீட்டுக்காரர். பால் வெட்டிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அப்படியும் ரப்பர் பால் வாடை அவரோடு உள்ளே வந்தது. கையில் பொலித்தீன் பையில் சுற்றிய தாள்கட்டு. மகளுக்குப் பாலர் பாடசாலைப் பயிற்சி கேட்டு விண்ணப்பம்.

முப்பத்தொரு பக்கம். எல்லாம் இந்த ஜன்னலோரத் தாள் மாதிரி. எல்லாப் பக்கத்திலும் அடியில் அவர் கையெழுத்து. முதல் பக்கத்தில் தோட்டத்துத் தலைவரின் கையெழுத்தும் சீலும்.

சேர் ஒரு பக்கத்தைப் பார்த்தார், இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். "என்ன இது?"

"ஃபாரம் சேர். எஹலியகொடயில எடுத்தது."

"இதை வாசிச்சீங்களா?"

பெரியசாமி அண்ணன் கொஞ்சம் சிரித்தார். "கவர்மென்ட்டு தாளு, ஆபீஸ் தாளு, எத சேர் நாங்க வாசிச்சிருக்கோம்? ஒருத்தன் இங்கிலீசுன்னான். ஒருத்தன், இல்ல வேற என்னமோன்னான். கடை மாத்தயா 'மேக வெரதி'ன்னாரு, இது பிழைன்னு. நான்தான், ஆபீஸ்லேருந்து வர்றது அப்புடித்தான் இருக்கும், நீங்க அடிச்சிக் குடுங்கன்னேன். கம்ப்யூட்டர் பாஷையா இருக்கும்னு தலைவரு சீல் வச்சிட்டாரு. கையெழுத்துப் போடற எடம் எங்கன்னு தெரியல. அதுனால எல்லாத்துலயும் போட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் கையிலிருந்த கட்டை வாங்கி உன் மேசையில் வைத்தாய். நாற்காலியை இழுத்துப் போட்டாய். "ஒக்காருங்கண்ணே" என்றாய். உன் கம்ப்யூட்டரிலிருந்து அசல் படிவத்தை ப்ரின்ட் எடுத்து, பேனாவை அவர் கையில் கொடுத்தாய். அவர் தமிழில் இருந்ததைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்து, ஒன்றரை மணி நேரம் எடுத்து, தானே நிரப்பினார். நீ ஒரு எழுத்துக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. நீ ஆசைப்பட்டது நடந்தது. ஆனால் அந்த ஒருவருக்கு மட்டும்.

மற்றவர்கள் வரவேயில்லை. எத்தனையோ லயத்தில் எத்தனையோ வீட்டில் இதே குப்பைத் தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்திருக்கிறது. என்னிடம் இருந்த எண்ணுக்கும் வந்து சேர்ந்த விண்ணப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. மறுநாள் காலை சேர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். யார் பக்கம் பிழை?

நான் என் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். அழுத்தினேன். படிவம் பளிச்சென்று திறந்தது. "என் பக்கம் சரி சேர். அடிச்ச ஃபைல்ல ஏதாவது இருக்கும்."

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அந்த நேரத்தில் நான் அதை நம்பித்தான் சொன்னேன், மூளை அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். நான் நிறுத்தவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல், சேரைப் பார்த்துச் சொன்னேன்: "லயத்துல இருந்து வர்ற புள்ளைங்களுக்கு இதெல்லாம் பழக இன்னும் கொஞ்ச நாளாகும் சேர்."

என் தோசையைத் தின்றவள் நீ, உன் ரொட்டியைத் தின்றவள் நான் என்பதெல்லாம் ஒரு வாயில் போயிற்று. பஜார்க்காரி வெளியே வந்துவிட்டாள். நீ தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று பகல் நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான் தனியாக உட்கார்ந்து தின்றேன். தின்றேன் பார், அதுதான்.

இரண்டு நாள் கழித்து வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தாய். நேராக என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தாய். பெரியசாமி அண்ணனின் முப்பத்தொன்றில் ஒன்று. பின்பக்கம் நாலு வரி:

ஃப்ளொப்பியில் கொண்டுபோன ஃபாரம் கடைக் கம்ப்யூட்டரில் நல்லா திறக்குது.

வெப்சைட்டில் அழுத்தினா இந்தக் கோலம்.

வெப்சைட்டில் இருந்து சேவ் பண்ணி, பேரை மாத்தித் திறந்தா நல்லா வருது.

அப்ப ஃபைல் சரி. அனுப்புறப்ப அது என்னான்னு சொல்லி அனுப்புற?

காலை பஸ்ஸில் எஹலியகொடயில் இறங்கி, கடை திறக்கும்வரை காத்திருந்து, கடைக்காரரிடம் சிங்களத்தில் பேசி, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறாய். கன்டென்ட் டைப் என்ற சொல் உனக்குத் தெரியாது. கொழும்பில் ஒரு வருஷம் படித்த எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நீதான் கேட்டாய்.

"சேர்கிட்ட நான் போகல" என்றாய். "நான் போய்ச் சொன்னா, தப்பிக்கப் பேசறேன்னு நெனைப்பாரு. நீயே பாத்துட்டு நீயே சொல்லு."

"சரி, பாக்குறேன்" என்றேன்.

பார்க்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. நாலாவது வரியை வாசித்ததுமே பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. சர்வர் என்ன சொல்லி அனுப்புகிறது என்று எடுத்துப் பார்த்தேன். 'வெப் பக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் புரோகிராமில், படிவத்தை அனுப்பும் வரிக்கு மேலே, 'இது பி.டி.எஃப்' என்று ஒரு வரி சேர்த்தேன். எஹலியகொடக் கடைக்குப் போன் போட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "தென் ஹரி" என்றார் கடைக்காரர். இப்போது சரியாம்.

எழுந்து பத்து எட்டு வைத்தால் சேரின் அறை. நான் எழுந்திருக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, சேர் நல்ல மனநிலையில் இல்லை என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள், இப்போது போய்ச் சொன்னால் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று நினைத்தேன். இப்படியே ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாளை மறைக்கவே சரியாக இருந்தது.

நீ ஒரு வாரம் பொறுத்தாய். பிறகு ஒரு நாள் படியில் இறங்கும்போது கேட்டாய்.

"அந்த ஃபாரம் என்னா ஆச்சு?"

"அதுவா? இப்ப வருது. தானா சரியாயிருச்சு."

நீ இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தாய். "தானா?"

அவ்வளவுதான் கேட்டாய். நான் குடையை விரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாசக் கடைசியில் உன் வேலையை நீட்டிக்கவில்லை. காரணம் என்று சேர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற மாதிரி இருந்துவிட்டார். நீ உன் மேசையைத் துடைத்து, கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனாய். என்னிடம், "வர்றேன் புள்ள" என்றாய். வரவில்லை. ரம்புக்கனையில் உன் சித்தி வீட்டில் தங்கி, அங்கே ஒரு புத்தகக்கடையில் டைப் அடிக்கிறாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உன்னை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அந்த ரம்புக்கனையில்தான். நான் கண்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போகிறேன். மலை ஏறுவதற்கு முன்னால் ரயில் அங்கே கொஞ்ச நேரம் நிற்குமே, அப்போது பிளாட்பாரத்தில் நீ. யாரையோ ஏற்றிவிட வந்திருந்தாய். என்னைக் கண்டதும் ஜன்னலுக்கு ஓடி வந்தாய். கோபம் எதுவும் காட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "அடியேய் பஜாரு! மெலிஞ்சு போயிட்ட! உங்கப்பா உனக்கும் நிறுவைய கொறச்சிட்டாரா?" என்றாய். ஓடிப்போய் இரண்டு வடை வாங்கி, பேப்பரில் சுற்றி என் கையில் திணித்தாய். அம்மாவைக் கேட்டாய். பிறகு, சும்மா கேட்கிற மாதிரி:

"இப்பவும் அந்த ஃபாரம் நல்லா வருதா?"

"வருது."

"தானா?"

இந்த முறை நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். கதவைத் திறந்து வைத்துவிட்டு, 'உள்ள வா' என்று ஒதுங்கி நின்ற மாதிரி ஒரு சிரிப்பு. எனக்குச் சொல்லத் தேவையாயிருந்தது ஒரே ஒரு வாக்கியம். வாயில் வடை இருந்தது. ரயில் நகர்ந்தது. நீ கையை ஆட்டினாய். விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது. இதை ஒரு சாக்காக எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன் தெரியுமா? வாயில் வடை இருந்ததாம்.

போன வருஷம் காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி ஒரு நாள் வந்தது, மூன்றாம் நாள் மற்றச் சேதி. லயத்துக்கு வந்தேன். உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் எனக்குப் பிளேன்டீ தந்தார்கள். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "தங்கமான புள்ள. எல்லாருக்கும் ஓடி ஓடி செஞ்சா. என்னமோ அந்த ஃபாரத்துல ஒரு பிழை விட்டுட்டா, அதோட அவ நேரமே சரியில்லாம போச்சு."

மூன்று வருஷம் கழித்து, உன் சாவு வீட்டில், என் பிழையை உன் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் உன்மேல் பாசமாக. நான் பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். கோப்பையை அலம்பி வைத்தேன். பஸ் ஏறி வந்தேன்.

நேற்று உனக்கு வருஷம். படையல் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உன் அம்மா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் காட்டி முழுவதையும் சொன்னேன். அவர் குனிந்து இலையை மடித்தபடியே கேட்டார். நான் முடித்ததும் நிமிர்ந்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற?"

"உங்ககிட்டயாவது சொல்லணும்னு..."

"எம் புள்ள சரியாத்தான் அடிச்சிருப்பான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதது அவங்களுக்கு." இலையைப் பிடித்த கையாலேயே லயத்தைக் காட்டினார். "பன்னெண்டு காம்பரா. எங்கள விட்டா பதினொன்னு. போய்ச் சொல்லிட்டு வா."

மழை பிடித்திருந்தது. குடையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனேன்.

கதவுக்குக் கதவு என்னவென்று சொல்வது? சர்வர், கன்டென்ட் டைப் என்றா? முதல் வாசலில் தடுமாறினேன். இரண்டாவதில் வந்துவிட்டது. "அவ குடுத்தது நல்ல பால். நான்தான் வாளி மேல ஒட்டுப்பால்னு சீட்டு ஒட்டி அனுப்பிட்டேன்." மரத்தில் ஒட்டிக் காய்ந்து கழித்துப் போடுகிற பால் எது, நல்ல பால் எது என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உடனே விளங்கிற்று. விளங்கிய பிறகு அவர்கள் என்னைப் பார்த்த பார்வையும் எனக்கு விளங்கிற்று.

ஒருவர் நடையிலேயே நின்று கேட்டார்: "இப்ப வந்து சொல்லி என்னா பிரயோசனம்? எங்க பெரியவன் வயரிங் படிக்கப் போறேன்னு இருந்தான். அந்த வருஷம்தான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். இன்னும் அங்கதான் மூட்டை தூக்குறான்." அடுத்த வாசலுக்குப் போனேன். ஆறாவது வாசலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே இருந்த அக்கா, "அழுதுகிட்டே சொல்லாத, ஒண்ணும் வெளங்கல. மொதல்லேருந்து சொல்லு" என்றார். முதலிலிருந்து சொன்னேன்.

கடைசிக் காம்பரா பெரியசாமி அண்ணன். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். அவர் மகள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறாள், உனக்குத் தெரிந்திருக்கும். தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"இதுல வாசிக்கக்கூடியது எம் பேரு ஒண்ணுதான்" என்றார்.

பிறகு தாளைத் திருப்பினார். "இது அவ எழுதினது." அன்று ஆபீஸில் செய்த மாதிரியே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, நாலு வரியையும் சத்தமாக வாசித்தார். நாலாவது வரியை முடித்துவிட்டு, விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"கேட்டிருக்காளே. இதுக்கு நீ என்னா பதில் சொன்ன?"

"தானா சரியாயிருச்சுன்னு சொன்னேன்."

அவர் திட்டியிருக்கலாம். தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். "மழ. நனையாம வச்சிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சேர் இப்போது வெளிநாட்டில். அவருக்கும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் சரி. இப்போதும் நான் பார்ப்பது இதே வேலைதான். யாராவது வந்து, 'ஃபைல் பழுது' என்றால், அனுப்புகிறபோது நான் என்ன சொல்லி அனுப்புகிறேன் என்று முதலில் என் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு முறையும், இரண்டு படி கீழே நின்று நீ திரும்பிப் பார்க்கிறாய்.

தாள் காய்ந்துவிட்டது. ஓரம் மட்டும் சுருண்டிருக்கிறது. கரண்டிகளை எடுத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன், படியில் ஒரு தரமும் பிளாட்பாரத்தில் ஒரு தரமும் நீ கேட்டதற்குப் பதில்.

இல்லை புள்ள. தானாகச் சரியாகவில்லை. நீதான் சரிசெய்தாய்.